நாற்பது எழுத்துகள்

பிரெயிலா நகர வேலைவாய்ப்பு அலுவலகம்,
இரண்டாம் மாடி, கவுண்டர் ஆறு.
ஹீட்டர் எரிகிறது, ஜன்னல் மூட மறுக்கிறது.
இரண்டுக்கும் நடுவே என் நாற்காலி.

டோக்கன் முப்பத்தெட்டு. மிருனா, வயது பத்தொன்பது.
ஈரக் குடையைக் காலிடுக்கில் நிறுத்திக்கொண்டு
மூன்று காகிதங்களை மேசையில் பரப்பினாள்,
சீட்டு இறக்குகிறவள் போல.

செவிலியர் பள்ளி: மூன்று வருஷம், சம்பளம் கிடையாது.
நெதர்லாந்தில் பூக்கிடங்கு: தங்க இடம் உண்டு,
ஓர் அறைக்கு எத்தனை பேர் என்பது மட்டும் இல்லை.
ரயிலடிப் பக்கம் பேக்கரி: திங்கள் முதல் வரலாம்,
பின்கதவைத் தட்டவும்.

"எதை எடுக்க?"

என்னிடம் இருப்பது ஒரு படிவம்.
அதில் பதினேழாம் கேள்வி:
ஐந்து ஆண்டுகளில் உங்களை எங்கே காண்கிறீர்கள்?
குறைந்தது நாற்பது எழுத்து.
குறைந்தால் பெட்டி சிவக்கும், பக்கம் நகராது.

ஐந்தாண்டுத் திட்டம் இந்த ஊருக்குப் புதிதல்ல.
அப்பா காலத்தில் நாடே போட்டது.
நாலரை ஆண்டிலேயே முடித்துவிட்டோம் என்றது வானொலி.
ரொட்டி வரிசையில் நின்றபடி கேட்டாராம்.
இப்போது நாடு போடுவதில்லை,
பத்தொன்பது வயதுப் பெண்கள்
ஆளுக்கொன்றாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.

கனவைக் கேள், அதைச் சின்னப் படிகளாக வெட்டு
என்றுதான் பயிற்சியில் சொன்னார்கள்.
நான் கேட்டது வேறு.
பாஸ்போர்ட்டுக்கு நகல் எடுத்தாயா? அசலை யார் கேட்டாலும் தராதே.
கூடுதல் நேரத்துக்குக் கூலி, வாயால் சொன்னார்களா, எழுதித் தந்தார்களா?
திரும்பி வரும் டிக்கெட்டுக்கான காசு
உன் பெயரில் இருக்கிறதா, காதலன் பெயரிலா?

முதல்முறையாகச் சிரித்தாள்.
அவன் பெயரில் மோட்டார் சைக்கிள் கடன் மட்டும்தான் இருக்கிறதாம்.

ரத்தம் பார்த்தால் மயக்கம்?
"வராது."
பூ?
"தும்மல் வரும்."

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.
ஜன்னலுக்கு வெளியே டானூப்
யார் போட்டதையும் அளக்காமல் போய்க்கொண்டிருக்கிறது.

"நீங்கள்?" என்றாள். "ஐந்து ஆண்டில்?"

மௌஸைக் கொஞ்சம் நகர்த்தினேன்.
என் ஒப்பந்தம் முப்பத்தொன்றாம் தேதியோடு முடிகிறது.
நீட்டிப்பார்கள், நீட்டித்துத்தான் வந்தார்கள்,
ஆறு மாதம், பிறகு ஆறு மாதம், ஆறு முறை.
ஆறு ஆறாக ஓடி முப்பத்திரண்டு வயதாகிவிட்டது.
"இந்த ஜன்னல் மூடினால் போதும்" என்றேன்.

பெட்டி சிவப்பாகவே இருந்தது.
"எழுதுங்கள்" என்றாள், கண்ணை மேலே உருட்டி:
காலை மூன்றரைக்கு எழ என்னால் முடியும்.
பிற்பகலில் வகுப்பு இருந்தால் தூங்காமல் உட்காருவேன்.
அடித்தேன். பச்சை.
கணினிக்கு எழுத்துதான் கணக்கு.

பள்ளிக்கு போன் போட்டேன்.
பிற்பகல் வகுப்பு போன வருஷம் இருந்தது,
இந்த வருஷம் ஆள் சேர்ந்தால் இருக்கும் என்றார்கள்.
உண்டென்றும் இல்லையென்றும் சொல்லாத அந்தப் பதிலை
அப்படியே அவளிடம் கொடுத்தேன்.
நன்றி சொன்னாள். குடை சொட்டிக்கொண்டே போயிற்று.

மேசையில் அவள் டோக்கன் கிடந்தது.
பின்னால் பென்சிலில் ஒரு மாதக் கணக்கு.
வாடகை எழுநூறு லேய். டிராம் எண்பது.
வெள்ளைக் காலணி நூற்றைம்பது. போன் நாற்பத்தைந்து.
அம்மாவுக்கு இருநூறு, அதன் கீழ் இரண்டு கோடு.
ஆயிரத்து நூற்று எழுபத்தைந்து.
கூட்டல் சரி.

குளிர்காலம் இல்லை.

படிக்கட்டில் ஓடினேன், கையில் அந்தச் சீட்டோடு.
டிராம் நிறுத்தத்தில் குடையை விரித்துக்கொண்டிருந்தாள்.
"எரிவாயு!" என்று கத்தினேன். "நவம்பரிலிருந்து எரிவாயு!"
தெருவே திரும்பிப் பார்த்தது.
அவள் கையைத் தூக்கினாள்,
காதில் விழுந்ததற்கா, விடைபெறவா, தெரியவில்லை.
டிராம் நடுவில் வந்துவிட்டது.

மூச்சிரைக்க மேலே வந்தேன்.
முப்பத்தொன்பதாம் டோக்கன்காரர்
என் நாற்காலி மேல் ஏறி நின்று
ஜன்னலை மூடப் பார்த்துக்கொண்டிருந்தார்.